யாரு குடுத்தா? - மெட் மியூசியத்தில் ஒரு நாள்

நியூயார்க் போயிட்டு வந்து மூணு வாரமாச்சு. சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட் பத்தியெல்லாம் ஏற்கனவே நிறைய பேர் எழுதித் தள்ளிட்டீங்க. அதனால அதையெல்லாம் விட்டுட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன். மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம். உள்ளூர்க்காரங்களுக்கு செல்லமா 'மெட்'.

போன கோஷ்டி: நான், தங்கமணி, 11 வயசுப் பொண்ணு, 7 வயசுப் பையன், அப்புறம் கும்பகோணம் பக்கத்துலேருந்து எங்களோட கொஞ்ச நாள் இருக்கலாம்னு வந்திருந்த எங்க அம்மா. பசங்களுக்கு அப்பாயி. வயசு 71. முழங்கால் வலி இருக்கு, வாய்க்கு எந்த வலியும் இல்லை :-)

ஷார்லட்லேருந்து கார்ல கிளம்பி, எடிசன்ல நண்பர் வீட்டுல டேரா. மியூசியம்னு சொன்னதுமே பையன் மூஞ்சி தொங்கிடுச்சு. 'போரிங்' அப்படின்னான். குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு பெரிய மியூசியம் போன எல்லாருக்கும் இது தெரிஞ்ச கதைதான். முதல் அரை மணி நேரம் உற்சாகம், அடுத்த அரை மணி நேரம் 'இன்னும் எவ்வளவு இருக்கு', அதுக்கப்புறம் பாத்ரூம், பசி, அழுகை.

அதுவும் மெட் சாதாரண சைஸ் இல்லை. 1870ல் ஆரம்பிச்சது, 1880லேருந்து சென்ட்ரல் பார்க் ஓரத்துல இப்ப இருக்கிற இடம். மொத்தம் 20 லட்சம் சதுர அடிக்கு மேல. சேகரிப்பு மட்டும் 15 லட்சம் பொருள், 5000 வருஷத்து சமாச்சாரம். முழுசா பாக்கணும்னா அங்கேயே குடித்தனம் பண்ணணும். சொல்லப்போனா அப்படிக் குடித்தனம் பண்ற கதையே ஒண்ணு இருக்கு. வீட்டை விட்டு ஓடிவந்த அக்காவும் தம்பியும் இந்த மியூசியத்துக்குள்ளேயே ஒளிஞ்சு வாழுற கதை, இ.எல்.கோனிக்ஸ்பர்க் 1967ல் எழுதினது. பொண்ணு ஸ்கூல் லைப்ரரியில எடுத்துப் படிச்சிருந்தா. அதுல அந்தப் பசங்க குளிக்கிற நீரூற்றைப் பாக்கணும்னு ஆசைப்பட்டா. அது இப்ப அங்க இல்லை, தென் கரோலினாவுக்குப் போயாச்சு.

எல்லாத்தையும் பாக்க முடியாதுன்னு ஆனப்புறம் தங்கமணி ஒரு திட்டம் போட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு. அஞ்சு பேர், அஞ்சு பொருள். யாரு தேர்ந்தெடுத்தாலும் மத்தவங்க முனகாம கூட வரணும்.

பையன்: இரும்புச் சட்டை போட்ட குதிரை வீரர்கள். பொண்ணு: எகிப்துக் கோயில். தங்கமணி: வான்கோ. நான்: சோழர் செப்புத் திருமேனி. அம்மா: "எனக்கென்னப்பா தெரியும். உக்கார்றதுக்கு இடம் இருந்தா போதும்."

டிக்கெட் பெரியவங்களுக்கு 30 டாலர், 65 வயசு தாண்டினவங்களுக்கு 22, 12 வயசுக்குக் கீழ இலவசம். ஆக 82 டாலர். ரூபாயா மாத்தக் கூடாதுன்னு நான் சொல்றதுக்குள்ள அம்மா மாத்திட்டாங்க. "ஏழாயிரமா! அந்தக் காசுக்கு நவக்கிரகக் கோயில் ஒம்பதையும் கார் வெச்சு பாத்துட்டு வந்துடலாமேடா." கோட்டுகள் வைக்கிற கவுண்டர்ல சக்கர நாற்காலி இலவசமா குடுத்தாங்க. முதல்ல உக்கார மாட்டேன்னு அடம். ரெண்டு ஹால் நடந்ததும் ராணி மாதிரி உக்கார்ந்துட்டாங்க. பேரன்தான் சாரதி.

வீரர்கள் ஹால் போற வழியிலேயே பையனுக்கு ஒரு போனஸ் கிடைச்சுது. எகிப்துப் பகுதியில ஒரு நீல நீர்யானை பொம்மை. 20 சென்டிமீட்டர் நீளம்தான். கிட்டத்தட்ட 4000 வருஷப் பழசு. உடம்பெல்லாம் தாமரைப்பூ வரைஞ்சிருக்கு. 'வில்லியம்'னு செல்லப் பேர் வேற. இது ஒரு கல்லறையில வெச்ச பொருள். நீர்யானைன்னா அந்தக் காலத்து எகிப்துக்காரங்களுக்கு பயம். செத்தவரை அடுத்த உலகத்துல துரத்திடப் போகுதுன்னு வேணும்னே மூணு காலை உடைச்சுத்தான் உள்ளே வெச்சிருக்காங்க. இப்ப இருக்கிற கால் பின்னால ஒட்டினது. இதைக் கேட்டதும் பையனுக்கு 'போரிங்' மறந்துபோச்சு. எந்த மூணு கால்னு கண்டுபிடிக்க கண்ணாடியைச் சுத்திச் சுத்தி வந்தான்.

பொண்ணு அதுக்குள்ள பக்கத்துல இருந்த அட்டையைப் படிச்சிட்டிருந்தா. பேரு, வருஷம், ஊரு எல்லாம் முடிஞ்சு கடைசியில ஒரு வரி. 'எட்வர்ட் ஹார்க்னஸ் கொடை, 1917'.

"அப்பா, இது என்ன?"

"யாரு குடுத்தாங்கன்னு போட்டிருக்கு."

அவ்வளவுதான். அவளுக்கு ஒரு விளையாட்டு கிடைச்சிடுச்சு. ஒவ்வொரு அட்டையிலயும் நேரா கடைசி வரிக்குப் போவா. தம்பியைப் பாத்து "யாரு குடுத்தா?"ன்னு கேப்பா. அவன் 'கொடை', 'உயில்', 'காசு' மூணுல ஒண்ணைச் சொல்லணும். அடிக்கடி வந்தது 'ரோஜர்ஸ் நிதி'. யாருடா இந்தப் புண்ணியவான்னு செல்லுல தேடிப் பாத்தேன். ஜேக்கப் ரோஜர்ஸ், நியூ ஜெர்சியில ரயில் எஞ்சின் தயாரிச்ச ஆளு. 1901ல் செத்தப்போ கிட்டத்தட்ட 50 லட்சம் டாலரை மியூசியத்துக்கு எழுதி வெச்சிட்டுப் போயிட்டார். ரயில் எஞ்சின்னு சொன்னதும் பையனுக்கு ரோஜர்ஸ் மேல தனி மரியாதை.

வீரர்கள் ஹால் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம். குதிரைக்கும் இரும்பு, ஆளுக்கும் இரும்பு. பையன் வாயைப் பிளந்தவன் இருபது நிமிஷம் மூடலை. இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி கடைசிக் காலத்துல போட்டுக்கிட்ட கவசம் ஒண்ணு இருக்கு. அப்ப ராஜாவுக்கு உடம்பு பெருத்து, கீல்வாதத்துல கஷ்டப்பட்டுட்டு இருந்தாராம். கவசமும் அந்த அளவுக்குத்தான். "பாவம், எனக்கு மாதிரியே முட்டி வலி"ன்னு அம்மா ரொம்ப அனுதாபப்பட்டாங்க.

அடுத்து பொண்ணோட டெண்டூர் கோயில். மக்களே, மெட் போனா இதை விட்டுடாதீங்க. ஒரு முழுக் கோயில், கட்டடத்துக்குள்ள. ஒரு பக்கம் முழுக்க சாய்ஞ்ச கண்ணாடிச் சுவர், வெளியே சென்ட்ரல் பார்க் மரங்கள், கோயிலுக்கு முன்னால தண்ணி. நைல் நதியை ஞாபகப்படுத்தறதுக்காக.

கட்டினது 2000 வருஷம் முன்னால, எகிப்து ரோமானியர் கையில இருந்தப்போ. 1960கள்ல அஸ்வான் அணை கட்டினப்போ தண்ணியில மூழ்க வேண்டிய கோயில். அப்படி மூழ்க இருந்த பல கோயில்களைக் காப்பாத்த அமெரிக்காவும் பணம் குடுத்துச்சு. அதுக்கு நன்றியா 1965ல் எகிப்து இந்தக் கோயிலை அமெரிக்காவுக்குக் குடுத்தது. எந்த ஊருக்குன்னு ஒரே போட்டி. வாஷிங்டன்ல ஆத்தங்கரையில திறந்த வெளியில வைக்கலாம்னு ஒரு யோசனை இருந்துச்சு. மணற்கல் மழையிலும் பனியிலும் தாங்காதுன்னு கடைசியில 1967ல் மெட்டுக்குக் கிடைச்சது. கல் கல்லா பிரிச்சுக் கப்பல்ல கொண்டுவந்து, அடுக்கி, 1978ல் திறந்தாங்க.

"யாரு குடுத்தா?"ன்னான் பையன்.

"எகிப்து நாடே குடுத்துச்சு"ன்னா பொண்ணு. "கேட்டு, பேசி, எழுதி வாங்கியிருக்காங்க."

அம்மா சக்கர நாற்காலியிலேருந்து எழுந்து கோயில் வாசல்கிட்ட போய் நின்னாங்க. சுவத்துல ஏதோ கிறுக்கியிருக்கறதைப் பாத்துட்டாங்க. 19ஆம் நூற்றாண்டுல எகிப்துக்குச் சுத்திப் பாக்க வந்தவங்க தங்களோட பேரைச் செதுக்கி வெச்சிருக்காங்க. அதுல ஒருத்தர் பிராடிஷ், நியூயார்க்காரர், வருஷம் 1821. அவரு எகிப்துல போய் கிறுக்கின சுவர், 150 வருஷம் கழிச்சு அவரோட ஊருக்கே வந்து சேர்ந்திருக்கு!

"நம்ம ஊரு பசங்கதான் கோயில் சுவத்துல இதயம் போட்டு அம்பு விடுறான்னு திட்டிக்கிட்டிருந்தேன். வெள்ளக்காரனும் அதே பொழப்புதானா"ன்னு அம்மாவுக்கு ஏகப்பட்ட திருப்தி.

இந்த ஹால்ல இன்னொரு சங்கதி. 2021 டிசம்பர் வரைக்கும் இந்தப் பகுதிக்கு சாக்லர் குடும்பத்தோட பேரு இருந்தது, அவங்க நன்கொடை குடுத்ததால. அவங்கள்ல சிலரோட கம்பெனி வித்த ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையால பெரிய சர்ச்சையாகி, கடைசியில பேரை எடுத்துட்டாங்க. 'யாரு குடுத்தா'ங்கற கேள்வி பொருளுக்கு மட்டும் இல்லை, பணத்துக்கும் உண்டு போல.

தங்கமணியோட வான்கோ. சைப்ரஸ் மரங்களும் கோதுமை வயலும், 1889ல் அவர் மனநல விடுதியில இருந்த காலத்துல வரைஞ்சது. பெயிண்டை அப்பி அப்பி வெச்சிருக்கார், பக்கவாட்டுல பாத்தா வரப்பு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. தங்கமணி பத்து நிமிஷம் அசையலை. பசங்க ரெண்டு நிமிஷம். 1993ல் வாங்கினது, விலை 5 கோடியே 70 லட்சம் டாலர்னு அப்ப செய்தி. "காசு!"ன்னு பையன் கரெக்டா சொல்லி ஒரு பாயிண்ட் வாங்கினான்.

கடைசியில என் முறை. தெற்காசியப் பகுதி.

உள்ளே நுழைஞ்சதும் குஜராத் பாட்டன் ஊர்லேருந்து வந்த சமண மண்டபம் ஒண்ணு, முழுக்க தேக்கு மரம், 16ஆம் நூற்றாண்டு வேலை. தலையை நிமித்திப் பாத்தா விதானத்துல இடம் விடாம சிற்பம். அதைத் தாண்டி சோழர்கள். நடராஜர் ஆடிட்டிருக்கார், 11ஆம் நூற்றாண்டு. பையன் அதே மாதிரி ஒரு காலைத் தூக்கி நின்னு காவலர்கிட்ட ஒரு சிரிப்பு வாங்கினான். ஆனா அம்மா அங்க நிக்கலை. நேரா பார்வதிகிட்ட போயிட்டாங்க.

பத்தாம் நூற்றாண்டுத் தொடக்கம். உயரம் 70 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உசந்த கிரீடம், இடுப்பை லேசா ஒடிச்சு நிக்கிறா. இடது கை அப்படியே யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குது. வலது கை மேல மடங்கி, விரல்கள் எதையோ பிடிச்ச மாதிரி குவிஞ்சிருக்கு. உள்ளே ஒண்ணும் இல்லை.

"அப்பாயி, கையில இருந்தது உடைஞ்சு விழுந்துடுச்சா?"ன்னான் பையன், நீர்யானை ஞாபகத்துல.

"உடையலை கண்ணு. அது பூ வைக்கிற கை. தினம் காலையில ஐயர் புதுசா ஒரு பூவை அந்த விரல்ல சொருகுவாரு. சாயங்காலம் வாடிடும். மறுநாள் வேற பூ."

பையன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "இங்க யாரும் வைக்கலையா?"

அம்மா பதில் சொல்லலை. நானும் தங்கமணியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

தங்கமணி மெதுவா கேட்டாங்க, "கும்புட்டுக்கலையா அத்தை?"

"கும்புடலாம்மா. இவ இங்க குடியிருக்காளா, இல்ல வெறும் செம்பா நிக்கிறாளான்னு எனக்குத் தெரியலையே. எங்கேருந்து எந்தப் பூசையை நிறுத்திட்டு எடுத்தாங்களோ."

கொஞ்சம் கழிச்சு அவங்களே சொன்னாங்க: "ஆனா எவ்வளவு அழகா இருக்கா பாரு. எழுபது வயசாச்சு எனக்கு. உற்சவ அம்மனை இப்படிப் பாத்ததே இல்லை. பட்டுப்புடவை, மாலை, கவசம்னு மூஞ்சி மட்டும்தான் தெரியும். உள்ளே இப்படி ஒரு இடுப்பும் தோளும் இருக்கும்னு யாரு கண்டா. செஞ்சவன் கையை முத்தம் குடுக்கலாம்."

நான் பசங்களுக்கு கொஞ்சம் விளக்கினேன். மெழுகுல முதல்ல உருவம் செஞ்சு, மேல களிமண் பூசி, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்துல உலோகத்தை ஊத்தறது. அப்புறம் மண்ணை உடைச்சு எடுக்கணும். அதனால ஒரு அச்சுல ஒரே ஒரு சிலைதான். சுவாமிமலையில இன்னைக்கும் அப்படித்தான் செய்யறாங்க, எங்க ஊர்லேருந்து பஸ்ல போற தூரம். மூலவர் கல்லு, நகர மாட்டார். உற்சவர்தான் ஜனங்களைப் பாக்க வீதிக்கு வர்றவர்.

"அப்ப இவங்க நடக்கிற சாமி"ன்னு பையன் முடிவு பண்ணான். "நடந்து நடந்து இங்க வந்துட்டாங்க."

அப்பதான் அம்மா கேட்டாங்க, அதுவரைக்கும் பசங்க விளையாட்டுல சேராதவங்க: "ஏன் கண்ணு, இவளை யாரு குடுத்தான்னு போட்டிருக்கு?"

பொண்ணு குனிஞ்சு படிச்சா. கோரா டிம்கன் பர்னெட்னு ஒரு அம்மா, உயில் எழுதி வெச்சது, 1956.

"சரி. அந்தம்மாவுக்கு யாரு குடுத்தா?"

பொண்ணு திரும்பவும் அட்டையைப் பாத்தா. மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சா. "அது போடலை அப்பாயி."

ஒரு நிமிஷம் எல்லாரும் அந்த அட்டையையே பாத்துக்கிட்டு நின்னோம். காலையிலேருந்து நாங்க விளையாடினது கடைசியா குடுத்தவங்க பேரை வெச்சு. முதல்ல குடுத்தது யாரு, குடுத்தாங்களா இல்லையாங்கறது வேற கேள்வி. டெண்டூர் கோயிலுக்கு அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கு. பார்வதிக்கு அந்த அட்டையில இடமே இல்லை.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். இந்தப் பார்வதி திருடி வந்ததுன்னு நான் சொல்ல வரலை. அதுக்கு என்கிட்ட ஆதாரம் கிடையாது. பழம்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோறதைக் கடுமையா தடுக்கிற இந்தியச் சட்டமே 1972ல் வந்ததுதான். 1956ங்கறது அதுக்கு ரொம்ப முன்னால.

மத்தியானம் வெளியே வந்து படிக்கட்டுல உக்கார்ந்து, கட்டிக்கிட்டு வந்த எலுமிச்சை சாதத்தைப் பிரிச்சோம். பொண்ணு விடலை. "வேற சாமியெல்லாம் எப்படி வந்துச்சு?"

அம்மா ஆரம்பிச்சாங்க. "எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல எங்க பக்கம் சிவபுரம் நடராஜர் பேச்சுதான்." நடராஜரை ரிப்பேருக்குன்னு குடுத்து, திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிக் கைமாறி 1973ல் அமெரிக்காவுல நார்ட்டன் சைமன் கைக்கு வந்துடுச்சு. இந்தியா வழக்குப் போட்டு, அப்புறம் சமரசமாகி, 1986ல் திரும்பி வந்தார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையை நான் சொன்னேன். ஆஸ்திரேலியா வரைக்கும் போய், 2014ல் அந்நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து குடுத்தது. அது எங்க சிலைதான்னு நிரூபிக்க உதவினது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துல இருந்த பழைய போட்டோ. யாரோ ஒருத்தர் கிராமம் கிராமமா போய் எடுத்து வெச்ச படம்!

இந்த வியாபாரத்துல மாட்டின சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பர்ல 10 வருஷம் தண்டனை குடுத்தது கும்பகோணம் கோர்ட். (அம்மா இதுல ரொம்ப பெருமைப்பட்டாங்க.) அவர் கை வழியா வந்த 15 சிற்பங்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர்றதா மெட் மியூசியமே 2023 மார்ச்ல அறிவிச்சது. அதே வருஷம், தங்ககிட்ட இருக்கிற பொருள்கள் வந்த வழியை ஆராய இன்னும் ஆள் சேர்க்கப் போறதாவும் சொன்னாங்க.

"அப்ப எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடலாமே?"ன்னா பொண்ணு.

நான் 'ஆமா'ன்னு சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கிட்டாங்க. "எங்க ஊரு கோயில் அம்மன் எங்க இருக்கா தெரியுமா? திருட்டு பயத்துல பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் காவலோட வருவா. மத்த நாள் பூட்டின அறை, இருட்டு. அவளுக்கும் அந்தக் கையில பூ இல்ல கண்ணு. திரும்பி வந்தா மட்டும் போதாது. வெச்சுப் பாத்துக்க ஊருல ஆளு வேணும். எங்க ஊருல பாதி வீடு பூட்டிக் கிடக்கு, எல்லாம் உங்கப்பன் மாதிரி இங்க வந்து உக்கார்ந்துட்டீங்க."

அவ்வ்வ்வ். எலுமிச்சை சாதம் தொண்டையில நின்னுடுச்சு.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. ஆனா திருப்பித் தரவேண்டியது திருப்பித் தரணும்கிறதுல எனக்குச் சந்தேகம் கிடையாது. வந்தப்புறம் எப்படி வெச்சுக்கறதுங்கறது நம்ம வீட்டுப் பிரச்சினை, அதைக் காரணம் காட்டி பொருளை வேற ஒருத்தர் வெச்சுக்க முடியாது. பொண்ணும் அதையேதான் சொன்னா, இன்னும் சுருக்கமா: "நம்ம ரூம் குப்பையா இருந்தாலும் நம்ம பொம்மை நம்மோடதுதானே அப்பாயி." அம்மா சிரிச்சுட்டு இன்னொரு கரண்டி சாதம் வெச்சாங்க.

சாயங்காலம் எடிசன் வந்ததும் பொண்ணு மியூசியத்தோட தளத்தைத் திறந்து உக்கார்ந்துட்டா. நிறைய பொருளுக்கு அங்க வந்த வழின்னு தனிப் பகுதியே இருக்கு. சிலதுக்கு பத்து வரி, யாரு யாருகிட்ட எந்த வருஷம் வாங்கினாங்கன்னு வரிசையா. சிலதுக்கு ஒரே வரி. ஒரே வரி இருக்கறதையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டா. எதுக்குன்னு கேட்டேன். "பெரியவளானப்புறம் பாத்துக்கறேன்"னா.

பையன் அங்கேயே பென்சில்ல பார்வதியை வரைஞ்சிருந்தான். கிரீடம் கொஞ்சம் குளிர்காலத் தொப்பி மாதிரி வந்திருக்கு. வலது கையில மட்டும் செவப்பு கலர்ல பெரிய பூ. அதை எடிசன் வந்து கிரேயான்ல போட்டானாம். அம்மா ஊருக்குத் திரும்பறப்போ அந்தப் படத்தை பாஸ்போர்ட் பையில வெச்சு எடுத்துட்டுப் போறாங்க. கோயில்ல ஒட்டப் போறாங்களாம். ஒட்ட விடுவாங்களான்னு தெரியலை, அம்மாவைத் தடுக்கவும் யாராலயும் முடியாது.

கொசுறு (குட்டீஸோட போறவங்களுக்கு):

* புதன்கிழமை விடுமுறை. வெள்ளி, சனி ராத்திரி 9 வரைக்கும் திறந்திருக்கும்.

* பென்சில், சின்ன நோட்டு கொண்டுபோங்க. பென்சில்ல வரையலாம், பேனா கூடாது. பசங்களை ஒரே இடத்துல கால் மணி நேரம் உக்கார வைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

* 3லேருந்து 11 வயசு வரைக்கும் உள்ள பசங்க தொட்டு விளையாட 81ஆம் தெரு ஸ்டுடியோன்னு ஒண்ணு 2023ல் திறந்திருக்காங்க, இலவசம். இதைக் கடைசியா வெச்சுக்கோங்க. முதல்ல போனா வெளியே வர மாட்டாங்க.

* ஆளுக்கு ஒரு பொருள், அதுக்கு மேல வேண்டாம். அதுக்கே நாலு மணி நேரம் ஆயிடும்.

* அட்டையில கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்க. கூட வயசானவங்க யாராச்சும் வந்தா அவங்களையும் கேக்க விடுங்க.